எட்டுக் காம்பராவுக்கு ஒரு மீட்டர்

அந்த அம்மா சொப்பின் பேக்கிலிருந்து சம்பளச் சிட்டைகளை எடுத்து என் மேசையில் மாத வாரியாக அடுக்கினார். பதினாறு சிட்டைகள். கினிகத்தேனை மழைக்குப் பயந்து இரண்டு பைகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் மகளின் பெயரில். அந்த அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து ஆறு வருடமாகிவிட்டது. ஒவ்வொரு சிட்டையிலும் கழிவுப் பகுதியில் ஒரே ஒரு வரியின் கீழ் நகத்தால் கீறி வைத்திருந்தார். கரண்டுக்குப் பிடித்த காசு.

"லோயர் ஐயா, இது ஏறிக்கிட்டே போகுது. நாங்க ரெண்டு பல்பும் ஒரு டீவியுந்தான் போடுறோம். ஆபீஸ்ல கேட்டா, மொத்த பில்ல எட்டாப் பிரிச்சோம், அவ்வளவுதாங்கிறாங்க. பிரிச்சது சரியாத்தான் இருக்கும். ஆனா எங்களுக்குன்னு ஒரு மீட்டர் இருந்தா இவ்வளவு வருமா?"

2023 மே மாதம் அது. பெப்ரவரியில்தான் மின்கட்டணம் சராசரியாக 66 வீதம் கூட்டப்பட்டிருந்தது. அதற்கு முன், 2022 ஓகஸ்டில் 75 வீதம். இரண்டு ஏற்றங்களுக்கும் இடையில் ஆறே மாதம். தோட்டத்து நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் வந்த அதே 1,000 ரூபாய்.

அவர் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய லயத்தில் எட்டுக் காம்பரா. லயத்தின் தலைப்பில், தோட்ட நிர்வாகத்தின் பெயரில் ஒரு மீட்டர். அங்கிருந்து ஒரு வயர் கூரைக்கடியில் எட்டு வீட்டுக்கும் ஓடுகிறது. பில் ஆபீசுக்குப் போகும். ஆபீஸ் எட்டாகப் பிரித்துச் சம்பளத்தில் கழிக்கும். நான் தாளை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன்.

ஒரு வீடு மாதம் 28 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டேன். தனி மீட்டர் இருந்திருந்தால், 2022 ஓகஸ்டுக்கு முன் யூனிட்டுக்கு 2.50 ரூபாய், மாதாந்த நிலைக்கட்டணம் 30 ரூபாய். ஆக 100 ரூபாய். ஓகஸ்டுக்குப் பின் 344. 2023 பெப்ரவரிக்குப் பின் யூனிட்டுக்கு 30 ரூபாய், நிலைக்கட்டணம் 400, ஆக 1,240. இதுவே பெரிய சுமைதான். ஆனால் எட்டு வீட்டு எரிப்பையும் ஒரே மீட்டர் கூட்டும்போது 224 யூனிட் ஆகிறது. அதே பெப்ரவரிக் கட்டணப்படி, 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் யூனிட்டிலிருந்தே 42 ரூபாய். 90க்கு மேல் 50. 180க்கு மேல் 75. நிலைக்கட்டணம் 2,000. மொத்தம் 13,580 ரூபாய். எட்டாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,697 ரூபாய் 50 சதம்.

வித்தியாசம் 457 ரூபாய் 50 சதம். கிட்டத்தட்ட அரை நாள் கொழுந்து. இதில் ஆபீஸ் ஒரு சதமும் களவெடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். குறைவாக எரிப்பவனைக் காப்பாற்றத்தான் அந்தப் படிமுறைக் கட்டணம் வகுக்கப்பட்டது. எட்டு ஏழை வீடுகளை ஒரு மீட்டரில் கட்டிவிட்டால், கணக்கில் அது குளிரூட்டி போட்டிருக்கும் ஒரு பங்களாவாகிவிடுகிறது.

அதே வாரம் லண்டனிலிருக்கும் என் மைத்துனர் பேசினார். அவர் வீட்டில் மின்கம்பனியை மாற்றிவிட்டாராம். பிரித்தானியாவில் 1999 முதல் எல்லா வீட்டுக்காரரும் தங்களுக்கு மின்சாரம் விற்கும் கம்பனியைத் தெரிவுசெய்யலாம். டெக்சாஸின் பெரும்பகுதியில் 2002 இல் அந்த வழி திறந்தது. வயரும் கம்பமும் பழையவைதான். பில் அனுப்புகிறவர் மட்டும் மாறுகிறார். அதிலும் ஆபத்து இருக்கிறது. 2021 இல் எரிவாயு விலை ஏறியபோது பிரித்தானியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் விழுந்தன. அவற்றின் வாடிக்கையாளர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு வேறு கம்பனிகளிடம் ஒப்படைத்தது. அதே வருடம் பெப்ரவரிப் பனிப்புயலில், மொத்தச் சந்தை விலையிலேயே மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்திருந்த டெக்சாஸ் வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. ஆனாலும் கம்பனி விழுந்தபோதுகூட அந்த வீட்டுக்காரர்களின் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது. அவர்களை இன்னொருவரிடம் ஒப்படைக்க ஆள் இருந்தது. மைத்துனர் பேசிக்கொண்டிருக்க, நான் அந்தச் சிட்டைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவின் பெயர் எந்த மின்சாரப் பட்டியலிலும் இல்லை.

இலங்கையில் தெரிவு என்ற பேச்சே இல்லை. அப்போது விநியோக உரிமம் ஐந்து. நான்கு இலங்கை மின்சார சபையினுடையவை. ஐந்தாவது, நீர்கொழும்பு முதல் காலி வரை மேற்குக் கரையோர நகரங்கள் சிலவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் லெக்கோ. நீங்கள் இருக்கும் ஊர்தான் உங்கள் விநியோகஸ்தரைத் தீர்மானிக்கும். கினிகத்தேனைக்குச் சபை. அதுவும் எப்படிப்பட்ட ஊர்! டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் இந்தப் பக்கத்து மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் காட்டி, இந்த நீரில் நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கலாம் என்று 1918 இல் எழுதிப் படித்தார். 1950 இல் லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. பொல்பிட்டிய, கனியன் எல்லாம் பிறகு வந்தவை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கினால் அங்கிருந்த கோயிலை இன்றும் பார்க்கலாம். அந்த அம்மாவின் லயத்துக்கு மேலால் கோபுரம் கோபுரமாக உயரழுத்தக் கம்பி போகிறது. காற்று ஈரமான இரவுகளில் அது ரீங்கரிக்கும் சத்தம் படுக்கைக்குக் கேட்கும் என்றார்.

சட்டத்தைப் புரட்டினேன். அப்போது நடைமுறையில் இருந்த 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், ஓர் இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் விநியோகஸ்தர் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றது. 'குடியிருப்பவர்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இந்த வழக்கே நிற்கிறது என்று எனக்குப் பட்டது. மலையகத்தில் நாம் உரிமையாளர் அல்ல. காணி அரசுடையது; 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. ஆனால் நாம் குடியிருப்பவர்கள். அந்த அம்மா அதே காம்பராவில் பிறந்து, அங்கிருந்தே கொழுந்துக்குப் போய், அங்கேயே கணவரின் பிணத்தைக் கிடத்தியவர். குடியிருப்புக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. உரிமமோ விலக்களிப்போ இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு மின்சாரம் விநியோகிக்க முடியாது. ஒரு மீட்டரில் வாங்கி எட்டு வீட்டுக்குப் பிரித்துச் சம்பளத்தில் காசு பிடிப்பது விநியோகமா இல்லையா?

சட்டம் அப்படிச் சொன்னாலும், நடைமுறையில் விண்ணப்பத்தோடு காணி உறுதி வேண்டியிருந்தது. அது இல்லாதவர் தோட்டத்தின் சம்மதக் கடிதம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்துக்குத்தான் அந்த அம்மா இரண்டு வருடம் ஆபீஸ் படியேறியிருக்கிறார். துரை இல்லை, பெரிய கிளாக்கர் லீவு, அடுத்த மாசம் வாங்க. கடைசியில் ஒருநாள், "கொழும்புல இருந்து அனுமதி வரணும்" என்றார்களாம்.

ஜூன் மாதம் எட்டுக் குடும்பத்தின் சார்பிலும் தோட்ட நிர்வாகத்துக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். பிரதியை மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பினேன். எழுத்தாணை மனுவுக்கான வரைபும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் கொழும்புக்கு ஏறி இறங்கும் செலவை எட்டு வீட்டாலும் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். செப்டம்பரில் நிர்வாகத்தின் சட்டத்தரணி பேச அழைத்தார். பண்பான மனிதர். மறைக்காமல் சொன்னார்: "இன்றைக்கு மீட்டர் கேட்பார்கள், நாளைக்கு அந்தப் பில்லைக் காட்டிக் காணி கேட்பார்கள். எங்கள் கட்சிக்காரருக்கு அதுதான் பயம்."

அவர் ஒரு வரைபைத் தந்தார். கடிதம் தருகிறோம், ஆனால் விண்ணப்பதாரி ஓர் உறுதியில் கையொப்பமிட வேண்டும்: மேற்படி காம்பராவிலோ காணியிலோ எனக்கு எவ்வித உரிமையும் இல்லை. நான் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றே நினைத்தேன். இப்போது இல்லாத உரிமையை இல்லை என்று எழுதுவதால் என்ன நட்டம், மீட்டர் வந்துவிடுமே என்று கணக்குப் பார்த்தேன். அந்த அம்மாவை அழைத்து வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஐயா, எங்க பாட்டன் வெட்டித் தெளிச்ச மலை அது. கரண்டு வேணும்தான். ஆனா எனக்கு ஒன்னுமே இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, நாளைக்கு ஏழு பேர்ச் காணி தர்றோம்னு யாராச்சும் வந்தா, இந்தக் கடுதாசியத்தான காட்டுவாங்க?"

எனக்கு நாக்கு எழவில்லை. 1948 இல் குடியுரிமைச் சட்டம் நம் சமூகத்தை நாடற்றதாக்கியது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் காயத்தின் மிச்சம் இருந்தது. அத்தனை காலமும் நம்மை உருட்டியது காகிதம். அந்த அம்மாவுக்கு அது சட்டப் புத்தகத்தால் தெரிந்ததல்ல. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்கும் பழக்கம் அவர் இரத்தத்தில் இருந்தது. கட்சிக்காரரின் பசியைப் பார்த்து அவசரப்பட்டு, நாளைய சோற்றை விற்கப் பார்த்தவன் நான். அதைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த வரியை நாங்கள் நாலு தடவை திருத்தினோம். கடைசியில் நின்றது இதுதான்: இந்தச் சம்மதம் மின்னிணைப்புக்கு மாத்திரமானது, காணி தொடர்பில் எத்தரப்பினருக்கும் உள்ள எந்த உரிமையையும் இது கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. ஒக்டோபர் கடைசியில் எட்டுக் கடிதங்களும் கையில் வந்தன.

2024 பெப்ரவரியில் ஆறு வீட்டுக்கு மீட்டர் பூட்டினார்கள். முதல் பில்லோடு அந்த அம்மா வந்தார். கட்டணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இதுல எம் பேரும் வீட்டு நம்பரும் போட்டிருக்கு. பேத்திய ஒன்னாம் வகுப்புக்குச் சேர்க்கும்போது இது செல்லுமா?" என்றார். செல்லும். பாடசாலை அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்கும் ஆவணங்களில் மின்பட்டியலும் ஒன்று. அதுவரை அவருக்கு வந்த கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீஸ் முகவரிக்குத்தான் வந்தது. நாங்கள் இருவரும் மீட்டருக்காக எட்டு மாதம் அலைந்தோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் அலைந்தது அந்த முகவரிக்காகவும்தான்.

அதே வருடம் ஜூனில் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 36 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025 இல் அது திருத்தப்பட்டது. என்றாவது ஒருநாள் நம் நாட்டு வீட்டுக்காரரும் கம்பனியைத் தெரிவுசெய்யும் காலம் வரலாம். வரும்போது பட்டியலில் பெயருள்ளவரிடம்தான் கேட்பார்கள். அதனால்தான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு லயத்து மீட்டரும் நிர்வாகத்தின் பெயரில் இருக்கக்கூடாது என்று பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீதி இரண்டு வீட்டுக்கும் வயரிங் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஒன்றில் கூரை ஒழுகிச் சுவர் முழுக்க ஈரம். மற்றதில் வயரை முழுதாக மாற்ற வேண்டும், கையில் காசில்லை. பழைய மீட்டரைக் கழற்றியதும் அந்த இரண்டு வீடும் இருட்டாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்து, கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பக்கத்துக் காம்பராவில் படிக்கிற பிள்ளை இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை. தன் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார்.

"ஆபீஸ்காரங்க செஞ்சது தப்புன்னு நீங்கதான் எழுதுனீங்க. இப்ப நான் செய்றதும் அதே தப்புதானே ஐயா?"

சட்டப்படி அதே தப்புதான் என்றேன். அந்த ஈர வயரில் உயிராபத்தும் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். வயரைக் கழற்றுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் அழுத்திக் கேட்கவில்லை. மறுநாள் ஹற்றனில் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவர் ஏணியைச் சாத்தி ஒழுகும் கூரையின் கீழ் ஏறினார். கீழே அந்தப் பிள்ளை டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது.