எலுமிச்சம்பழமும் மோட்டார் வண்டியும்

புதிய மோட்டார் வண்டி வாங்கியவர் அதன் நான்கு சக்கரங்களின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்து நசுக்கிய பின்னரே வண்டியை வீதியில் விடவேண்டும் என்பது நம்மவரிடையே மறுப்பாரின்றி வழங்கிவரும் ஒரு சம்பிரதாயம். இது எந்தச் சாத்திரத்தில் கூறப்பட்டது என்று கேட்டால் விடையிறுப்பார் ஒருவருமில்லை. மோட்டார் வண்டியே நேற்றுப் பிறந்த பொருள். அதற்குரிய சடங்கு மட்டும் வேத காலத்ததாய் இருப்பது எங்ஙனம்? ஆயினும் சென்ற 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிராங்கூன் சாலைப் பக்கத்தில் அந்நான்கு பழங்களும் நசுங்கிய வேளையில், சட்டைப்பையில் கைவிட்டு அர்ச்சகருக்குத் தட்சிணை எடுத்துக் கொடுத்தவர் நாமேதான். ஆகையால் பிறரைப் பழிக்கும் நோக்குடன் இதனை எழுதவில்லை என்பதை வாசகர்கள் முதற்கண் அறிவார்களாக.

எம் தமக்கையார் தம் கணவருடனும் மக்கள் இருவருடனும் சுவா சூ காங்கில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கின்றார். அத்தான் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் சிறு தொழில் நடத்துகிறவர். ஏணியும் வாயு உருளைகளும் ஏற்றிய பழைய வேன் ஒன்றே அத்தொழிலுக்கு முதல். நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. விடுமுறை நாட்களில் பாலங்கடந்து அங்குச் செல்வது வழக்கம். சுவா சூ காங்கும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த ஊர்தான். கம்பீரும் மிளகும் பயிரிட்ட தியோச்சியூச் சீனர்கள் ஆற்றோரத்தில் குடியேறி, தம் தலைவனைக் ‘காங் சு’ என்று அழைத்தார்கள்; ஆற்றுக்கு அதிபதி என்பது பொருள். ‘சுவா’ என்பது குடிப்பெயர். இன்று அங்கே கம்பீரும் இல்லை, மிளகும் இல்லை. 1990-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையமும், 1999 முதல் புக்கிட் பாஞ்சாங் நோக்கி ஓடும் சிறு ரயிலும், நிலையத்தை அடுத்துக் கடைத்தொகுதியும் உள்ளன. வண்டி இல்லாமல் வாழ இயலாத ஊரன்று அது என்பதற்காகவே இவற்றைக் கூறுகிறோம்.

ஆயினும் அத்தானுக்கு ஓர் ஆசை. அவர் வேலை செய்யப் போகும் பெரிய பங்களாக்களின் வாயிலில் உயரமான, கறுத்த, பளபளக்கும் எஸ்யூவி வண்டிகள் நிற்கும். அவரது வேனை வாயிற்காவலர் பின்புறமாக நிறுத்தச் சொல்வார். இருபது ஆண்டுகள் இவ்வாறு பின்புறமாகவே நிறுத்திய மனிதர், ஒரு நாளாவது முன்புறமாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எண்ணியதைக் குற்றமென்று கூற நமக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூரில் ஒரு வண்டியின் விலை எவ்வாறு பெருகுகிறது என்பதைத் தோட்டத்து அன்பர்கள் பலர் அறியார். கிராணியின் வழக்கப்படி கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். கப்பலிலிருந்து இறங்கும்போது வண்டியின் வெளிச்சந்தை மதிப்பு 35,000 வெள்ளி என்று கொள்க. இதன் மேல் சுங்கவரி 20 விழுக்காடு, அதாவது 7,000. இரண்டும் சேர்ந்த தொகையின் மீது பொருள் சேவை வரி 9 விழுக்காடு, 3,780. அடுத்து வருவது கூடுதல் பதிவுக் கட்டணம். 2023 பிப்ரவரியில் திருத்தப்பட்டபடி மதிப்பின் முதல் 20,000 வெள்ளிக்கு நூற்றுக்கு நூறும், அடுத்த 20,000-க்கு நூற்றுக்கு நூற்றுநாற்பதும். ஆக 41,000. இவ்வளவும் கொடுத்தபின்பும் வண்டி ஓடாது. 1990 மே மாதம் தொடங்கி நடைபெறும் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் ஒன்று எடுத்தாக வேண்டும். அது பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பெரிய வண்டிகளுக்கான ‘பி’ பிரிவுச் சான்றிதழ் 2023 அக்டோபரில் 1,50,001 வெள்ளிக்கு ஏறிற்று. அத்தான் வாங்கிய காலத்தில் 1,05,000-ஐ ஒட்டி நின்றது. விற்பவரின் ஆதாயமும் சேர, 35,000 வெள்ளிப் பொருள் 2,30,000 வெள்ளியாயிற்று. மதிப்பு 20,000-க்கு மேற்பட்ட வண்டிக்கு விலையில் 60 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரலாகாது என்பது விதி. தவணை ஏழாண்டுகளுக்கு மேற்போகவும் கூடாது. எனவே 92,000 வெள்ளியைக் கையிலிருந்து வைக்க வேண்டியதாயிற்று. அதில் ஒரு பகுதி சேமிப்பு. ஒரு பகுதி மூத்த பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கென ஒதுக்கிய பணம். மிச்சம் எம் தமக்கையாரின் நகைகள். அவை லிட்டில் இந்தியாவில் ஓர் அடகுக்கடைக்குச் சென்றன.

இனி நமது குற்றத்தைச் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அத்தான் நம்மையும் உடனழைத்துச் சென்றார். “தம்பி, நீ இங்கிலீஷிலேயே படித்தவன். ஒரு முறை வாசித்துப் பார்த்துவிடு, நீ சரி என்றால் சரி” என்றார். அது ஏழெட்டுப் பக்கத் தாள், பொடி எழுத்து. எதிரே இருந்த இளைஞர் காப்பி கொடுத்து, நம்மை ‘சார்’ என்று அழைத்தார். தோட்டத்தில் ஒருவரும் நம்மை இவ்வளவு மரியாதையாக அழைத்ததில்லை! உத்தரவாதத்தைப் பற்றிய பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் நமக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால், ‘இவருக்கு ஆங்கிலம் இவ்வளவுதானா’ என்று அவர் எண்ணிவிடுவாரோ என்ற அச்சம். தலையசைத்து, “எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அத்தான்” என்றோம். ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்ற பதினோராண்டுப் படிப்பு, ஒரு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் உதவாமற் போயிற்று.

எண் வாங்கிய கதையையும் விட்டுவிடக் கூடாது. வண்டியின் பதிவெண்ணைத் தாமே தேர்ந்துகொள்ள விரும்புவோர் ஏலத்தில் குறைந்தது 1,000 வெள்ளி கேட்கவேண்டும். கூட்டினால் ஒன்பது வரும் எண்ணாக அத்தான் ஒன்றை எடுத்தார். 1932-இல் இதே நகரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கண்டவர்கள் வீண் செலவையும் மூடப்பழக்கத்தையும் எதிர்த்து எழுதியும் பேசியும் ஓய்ந்தார்கள். அவர்களுடைய பேரர்கள் ஒன்பதுக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்கிறார்கள்.

வண்டி வந்த பத்தொன்பதாம் நாள், சுவா சூ காங் வேயில் சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில், பச்சை விழுந்தும் புறப்படவில்லை. இக்காலத்து வண்டிகளிற் பல, நிற்கும்போது எஞ்சினைத் தாமே அணைத்து, காலை எடுத்தவுடன் தாமே எழுப்பிக்கொள்ளும். பழைய 12 வோல்ட் மின்கலத்தோடு 48 வோல்ட் மின்கலம் ஒன்றையும் இதன்பொருட்டு வைத்திருக்கிறார்கள். அணைத்தது, எழுப்பவில்லை. கண்ணாடித் திரையில் ‘மின்னமைப்பில் கோளாறு’ என்ற எழுத்து மட்டும் அழகாக ஒளிர்ந்தது. இழுவை வண்டி வந்து கொண்டுசென்றது. பட்டறையில் கணினியை மாட்டிப் பார்த்து, மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம் என்று ஒரு வாரத்தில் திருப்பினார்கள். பின்னர் திரை முழுவதும் இருண்டது. பின்னர் ஓரிரவில் மின்கலம் காரணமின்றி வற்றியது. ஒவ்வொரு தடவையும் பட்டறையார் மிகுந்த பணிவுடன் பேசினர்; ஒவ்வொரு தடவையும் மென்பொருளே காரணம் என்றனர்.

விலை உயர்ந்த வண்டி பழுதாகாது என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. உண்மை பெரும்பாலும் நேர்மாறு. அமெரிக்காவில் ஜே.டி.பவர் நிறுவனத்தார் 2024-இல் புதுவண்டி உடையோரை விசாரித்தபோது, சாதாரண வண்டிகளைவிட உயர்தர வண்டிகளிலேயே குறைகள் அதிகமெனக் கண்டனர். காரணம் வெளிப்படை. பொருள் மிகுந்தால் பழுதாகும் இடமும் மிகும். எம் தோட்டத்தில் முன்னாள் துரை விட்டுச்சென்ற பழைய லேண்ட் ரோவர் ஒன்று நிற்கிறது. அவ்வகை வண்டி 1948-இல் உழவர்க்கென்றே பிறந்தது. போருக்குப்பின் உருக்கு கிடைக்காத காலமாதலால் உடலை அலுமினியத்தால் செய்தார்கள். அதில் கெட்டுப்போகத் தக்க பொருள் அதிகமில்லை. கெட்டாலும் எமது மெக்கானிக் ஒரு சாவிக்கொத்தோடு மடக்கிவிடுவார். அந்நிறுவனம் 2008-இல் டாட்டாவின் கைக்கு வந்ததும், 2024 செப்டம்பரில் இராணிப்பேட்டைப் பனப்பாக்கத்தில் அதன் வண்டிகளுக்கும் உரிய தொழிற்சாலைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டியதும் தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்திகள். (அத்தான் வாங்கிய வண்டி அந்நிறுவனத்தாருடையதன்று. எவருடையது என்பது இங்கு வேண்டாம்.)

நிற்க. அக்டோபர் மாதத்தில் எம் தாயார் அங்குத் தங்கியிருந்தபோது ஓரிரவு அவருக்கு மூச்சு வாங்கிற்று. மணி இரண்டு. நாமும் அங்கிருந்தோம். தாயாரைக் கைத்தாங்கலாக இறக்கி, தோலிருக்கையில் அமர்த்தி, அத்தான் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன; வரவேற்பு இசை ஒலித்தது; எஞ்சின் எழவில்லை. மீண்டும் அழுத்தினார். அதே இசை. எம் தமக்கையார் ஒரு சொல்லும் சொல்லாமல் கதவைத் திறந்து தாயாரை இறக்கினார். இரண்டு இடம் தள்ளி நின்ற பழைய வேனில், ஏணிகள் கடகடவென்று ஆட, ஜூரோங்கிலுள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனைக்குச் சென்றோம். தாயார் பிழைத்தார். விடியற்காலை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அத்தான் நம் முகத்தைப் பாராமலே, “வேனுக்கு நான் ஒரு நாளும் எலுமிச்சம்பழம் வைத்ததில்லை, தம்பி” என்றார்.

ஆங்கிலத்தில் பழுதுள்ள வண்டியையும் எலுமிச்சை என்றே அழைப்பார்கள் என்பது அன்றுதான் நம் நினைவுக்கு வந்தது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலறிஞர் 1970-இல் ‘எலுமிச்சைகளின் சந்தை’ பற்றி ஒரு கட்டுரை எழுதி, 2001-இல் நோபெல் பரிசும் பெற்றார். பழைய வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது; இவ்வறியாமையால் சந்தையே கெடும் என்பது அவர் வாதம். 1982-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் பழுதான புதுவண்டி வாங்கியோரைக் காக்கச் சட்டம் செய்தது. சிங்கப்பூரிலும் 2012 செப்டம்பர் 1 முதல் எலுமிச்சைச் சட்டம் நடப்பில் உள்ளது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தோன்றினால் அது தொடக்கத்திலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். அல்லவென்று காட்டும் பொறுப்பு விற்றவரைச் சேரும். முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். நியாயமான காலத்தில் அது நடவாவிடில், விலைக் குறைப்போ, பொருளைத் திருப்பிப் பணம் பெறுவதோ கேட்கலாம். உபயோகித்ததற்காகக் கழிவு உண்டு.

இதை அத்தானிடம் கூறியபோது அவர் மகிழ்வார் என்று எண்ணினோம். முகம் சுளித்தார். “வண்டி கெட்டது என்று நாமே ஊருக்குச் சொல்வதா?” என்றார். அடுத்த வாரம் உறவினர் திருமணத்துக்கு அவ்வண்டியிலேயே போகவேண்டும் என்பது அவர் கவலை. உண்மையில் பட்டறையிலிருந்த நாட்களிலெல்லாம், கேட்டவர்களிடம் ‘மெருகேற்றக் கொடுத்திருக்கிறேன்’ என்றே சொல்லிவந்திருக்கிறார். பணம் போனதைப் பொறுத்தார். மானம் போவதைப் பொறுக்கமாட்டார். இறுதியில் எம் தமக்கையார்தான் பேசினார். “என் வளையல் அடகுக்கடையில் இருப்பதும் ஊருக்குத் தெரியாது. அதற்காக அது என் கையில் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போனார்.

தோட்டத்துக் கிராணிக்கு வேறெதுவும் தெரியாவிடினும் செக்ரோல் எழுதத் தெரியும். முதல் பழுதிலிருந்தே நாம் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம்: நாள், நேரம், இடம், திரையில் தோன்றிய எழுத்து, பட்டறைக்குச் சென்ற நாள், திரும்பிய நாள். ஐந்து மாதத்தில் ஐந்து தடவை. பட்டறையில் 61 நாள். சான்றிதழுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 29 வெள்ளி தேய்கிறது. ஆக நின்ற நாட்களுக்கே 1,700 வெள்ளிக்கு மேல் வீண். சிறுதொகை வழக்கு மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இருதரப்பும் இசைந்தால் 30,000 வரையிலுமே விசாரிக்குமாதலால் அவ்வழி உதவாது. பயனீட்டாளர் சங்கத்தாரிடம் முறையிட்டோம். சமரசப் பேச்சு நடந்தது. இம்முறை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் வாசித்தோம். விளங்காதவற்றை விளங்கவில்லை என்று உரக்கவே கேட்டோம். அந்த இரண்டு வாக்கியங்களும் எதிர்த்தரப்பில் வந்திருந்தவருக்கும் விளங்கவில்லை என்பது அன்று தெரிந்தது!

2025 பிப்ரவரியில் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள இசைந்தார்கள். கழிவும் கடனும் போக, 92,000-இல் 63,000 வெள்ளி வந்தது. பிள்ளையின் படிப்புப் பணம் தேறியது. நகைகளை மீட்டோம்; ஒரு ஜோடி வளையல் நீங்கலாக. அதற்கு நாம் மாதந்தோறும் நம் சம்பளத்திலிருந்து அனுப்பி வருகிறோம். எதற்கென்று தமக்கையார் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

சாவியை ஒப்படைக்கச் சென்ற நாளில் அத்தான் வேனைக் கட்டடத்தின் முன்வாயிலிலேயே நிறுத்தினார். ஒருவரும் பின்புறம் போகச் சொல்லவில்லை. கையெழுத்துகள் முடிந்தபின் நம்மைத் தனியே அழைத்து மெல்லக் கேட்டார்:

“தம்பி, அந்த எண்ணை மட்டும் நாமே வைத்துக்கொள்ளலாமாமே. அதற்கு எங்கே எழுதிப் போடவேண்டும்?”