டீசல் உறையும் ஊர்

காலைப் பெரட்டு நேரம். இரவெல்லாம் மழையில் நின்ற தோட்டத்து லோரி இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்ப மறுக்கிறது. நாலு பேர் சேர்ந்து தள்ளினால் உறுமிக்கொண்டு ஓடிவிடும். நமக்குத் தெரிந்த தொல்லை அவ்வளவுதான். எத்தனை பேர் தள்ளினாலும் லோரி அசையாத இடம் ஒன்று உண்டு. வாருங்கள், அலாஸ்காவுக்குப் போவோம். கம்பளியை மறக்காதீர்கள்!

ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கே தொடங்கி, டெட்ஹார்ஸ் என்ற எண்ணெய் வயல் ஊர்வரை 666 கிலோமீட்டர் போகிறது டால்டன் நெடுஞ்சாலை. எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காக 1974-ஆம் ஆண்டில் போட்ட சாலை இது. பாதி வழிக்கும் முன்னதாகக் கோல்ட்ஃபுட் வருகிறது. 'குளிர்ந்த கால்' என்று பொருள். பெயரிலேயே நடுக்கம்! இதற்குச் சற்றுத் தெற்கே பிராஸ்பெக்ட் கிரீக்கில் 1971 ஜனவரி 23-ஆம் நாள் பூஜ்யத்துக்குக் கீழே 62 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது.

கோல்ட்ஃபுட் கடையில் லோரிக்காரர்கள் பசியாறுகிறார்கள். வெளியே லோரிகளின் இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. "டீசல் வீணாகிறதே!" என்கிறீர்களா? அணைத்தால் அல்லவா ஆபத்து!

கேமரன் மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலுக்குள்ளும் மெழுகு இருக்கிறது. குளிர் ஏற ஏற அது கலங்கி, பிறகு கஞ்சிபோலத் தடித்து, வடிகட்டியை அடைத்துவிடும். தொட்டி நிறைய டீசல் இருந்தும் இயந்திரத்துக்கு ஒரு சொட்டுப் போகாது. பாட்டரியும் பாதி பலத்தை இழந்துவிடும். கறுப்பு எண்ணெயோ வெல்லப்பாகாக இறுகி, இயந்திரத்தைச் சுற்றவிடாது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டில்தான் எண்ணெய் பற்றவேண்டும். அந்தச் சூட்டையும் பனிக்கட்டியாய்க் கிடக்கும் இரும்பு உறிஞ்சிக்கொள்கிறது.

அதனால் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய, மெழுகு குறைந்த டீசலை நிரப்புகிறார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரில் வண்டி நிறுத்தும் இடங்களில் மின்சாரக் கம்பங்களைப் பார்க்கலாம். நாம் இரவில் கைத்தொலைபேசியைச் செருகி வைப்பதுபோல, அவர்கள் வண்டியைச் செருகி வைக்கிறார்கள்! உள்ளே இருக்கும் சூடேற்றி இயந்திரத்தை வெதுவெதுப்பாக வைத்திருக்கும்.

கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால் டெட்ஹார்ஸ்வரை ஏறக்குறைய 385 கிலோமீட்டருக்கு எண்ணெய் நிலையமும் இல்லை, கடையும் இல்லை. நடுவில் 1,400 மீட்டருக்கும் உயரமான அட்டிகன் கணவாய். அங்கே இயந்திரம் நின்றால் லோரி மட்டுமா நிற்கிறது? ஓட்டுநர் அறையின் சூடும் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியின் உட்புறமே பனி படியும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டியை மாற்றுவதென்றால் அந்தக் கையோடுதான் மாற்றவேண்டும்.

இத்தனைக்கும் வழியில் பெரும்பகுதி சாலையை ஒட்டியே வருகிறது அந்தக் குழாய். 1977 முதல் அதற்குள் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபடியேதான், ஒரு சொட்டு டீசல் இறங்காமல் உட்கார்ந்திருப்பார் மனிதர்!

ஆகவே, ஓரமாக ஒரு லோரி நின்றால், பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைத்து, வானொலியில் "நலந்தானா?" என்று விசாரித்துவிட்டுப் போவது இந்தச் சாலையின் வழக்கம். பதில் வரவில்லை என்றால் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுகிறார்.