அச்சத்துக்கு இழப்பீடு உண்டா?

நியூஜெர்சியிலிருந்த பயோமெடிக்கல் டிஷ்யூ சர்வீசஸ் நிறுவனம், இறுதிச்சடங்கு நிலையங்களில் வைத்திருந்த உடல்களிலிருந்து, குடும்பத்தாருக்குத் தெரியாமலே எலும்பை எடுத்து மருத்துவச் சந்தைக்கு அனுப்பியது 2005-இல் அம்பலமானது. அந்த உடல்களில் ஒன்று பிபிசி ஒலிபரப்பாளர் அலிஸ்டர் குக்குடையது. அவர் 2004-இல் 95 வயதில், எலும்புவரை பரவிய நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். எலும்போடு போன காகிதத்திலோ அவருக்கு 85 வயது, மாரடைப்பு.

அறுவைச் சிகிச்சையில் பொருத்தப்பட்ட அந்த எலும்புகளை முதுகிலும் முழங்காலிலும் சுமந்தவர்கள் தொடுத்த வழக்குகள் நியூஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவற்றில் நான் ஆஜரானவன் அல்லன். மருத்துவ வழக்குகளே என் பிழைப்பு என்பதால் உத்தரவுகளைத் தேடிப் படித்தவன்.

முதல் தடை சட்டத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் எலும்பை விற்கக் கூடாது. பதப்படுத்த, பாதுகாக்க, அனுப்ப ஆகும் செலவை மட்டும் வாங்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் இதைச் சரக்கு அல்ல, சேவை என்கின்றன. ஆகவே குறையுள்ள பொருளைத் தயாரித்தவர் மீது பாயும் கடுமையான பொறுப்பு இங்கே பாயாது. கவனக்குறைவைத் தனியே நிரூபிக்க வேண்டும். ரசீதிலுள்ள தொகையைப் பார்த்த நோயாளிக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது எந்த வழக்கறிஞருக்கும் சங்கடம்தான்.

அதைவிடக் கொடுமை சாட்சியம். கல்லீரல் அழற்சி தொற்றியவர், அது இந்த எலும்பால் வந்தது என்று காட்ட வேண்டும். எதை வைத்து? ஆய்வகத்துக்குப் போன ரத்தம் அந்த உடலுடையதுதானா என்பதே சந்தேகம். உடல்களில் பலவும் எரிந்து சாம்பலாகிவிட்டன. மோசடி, தன் தடயத்தையும் கூடவே அழித்திருந்தது. ஆனாலும் நிரூபிக்கும் பாரம் நோயாளி மேலேயே நின்றது. ஏனெனில் எதிரே நின்றவை, அந்த எலும்புகளை வாங்கிப் பதப்படுத்திய நிறுவனங்கள்; அவை, "நாங்களும் ஏமாந்தவர்கள்" என்றன.

அவர்கள் பக்கம் அறிவியலும் இருந்தது. 1985-இல் எச்ஐவி இருந்த ஒரு கொடையாளியின் எலும்பைப் பதப்படுத்தாமல் உறைநிலையில் பெற்ற மூவருக்குத் தொற்றியது. அதே உடலின் பதப்படுத்திய திசுக்களைப் பெற்றுப் பரிசோதிக்கப்பட்டவர்களுக்குத் தொற்றவில்லை.

பரிசோதனையில் நோயில்லை என்று வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். திருட்டு எலும்பு உடம்பில் இருக்கிறது என்ற அச்சம் மட்டும் இழப்பாகாது. உண்மையில் கிருமி அண்டியதைக் காட்ட வேண்டும் என்பது பொதுவிதி. பலரது கோரிக்கை சாட்சி விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியானது. தனியே நடந்த குற்றவியல் வழக்கில், எலும்பைத் திருடிய நிறுவனத்தை நடத்திய மைக்கேல் மாஸ்ட்ரோமரினோவுக்கு 2008-இல் 18 முதல் 54 ஆண்டு சிறை கிடைத்தது.

சட்டப்படி அந்தத் தள்ளுபடிகளில் குறை காண்பது கடினம். ஆனால் காகிதத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பு இருந்தவர் ஒருவர், எந்த வாய்ப்பும் இன்றி மயக்கத்தில் கிடந்தவர் இன்னொருவர் என்றிருக்க, நிரூபிக்கும் பாரத்தை முன்னவர் பக்கம் மாற்றக் கேட்டுத்தான் நான் மனு எழுதியிருப்பேன்.