பேஸ் கிடார்: ஷேப் போதுமா, பேர் தெரியணுமா?

வெள்ளானூர் பக்கத்து காலேஜ்களில் கல்ச்சுரல்ஸுக்கு பேண்ட் சேர்த்தால், கடைசியாகக் கிடைக்கும் ஆள் பேஸ் கிடாரிஸ்ட்தான். பெரும்பாலும் கிடார் வாசிக்கும் ஒருத்தர் கையில் பேஸைத் திணித்துவிடுவார்கள். அவரும் யூடியூபைப் பார்த்து 'இந்த விரல் இங்கே, அந்த விரல் அங்கே' என்று ஷேப்பாகவே பழகிவிடுவார். "இது என்ன நோட்?" என்று கேட்டால் முழிப்பார்.

இது தப்பா? இல்லவே இல்லை. பேஸ் அப்படி வாசிக்கத் தோதான வாத்தியம். ஈ, ஏ, டி, ஜி என்று நாலு கம்பி. எந்தக் கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் ஐந்து ஃப்ரெட் வித்தியாசம். சாதாரண கிடாரில் ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவில் மட்டும் நாலு. ஷேப் அங்கே உடைந்துவிடும். பேஸில் உடையாது. ஒரு மேஜர் ஸ்கேல் ஷேப் தெரிந்தால் எங்கே நகர்த்தினாலும் மேஜர் ஸ்கேல்தான்.

யோசித்துப் பார்த்தால் நம்ம ச ரி க ம கூட இந்த மாதிரிதான். ச-வை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு. ஆனாலும் பாடுவதற்கு முன் "எத்தனை கட்டை?" என்று கேட்கிறோமே! ஒரு கட்டை என்றால் சி, ரெண்டு டி, அஞ்சு ஜி. ஸ்வரம் உறவைச் சொல்கிறது, கட்டை இடத்தைச் சொல்கிறது. ஷேப் மட்டும் தெரிந்தவர், ஸ்வரம் தெரிந்து கட்டை தெரியாதவர்.

இது எப்போது உதைக்கும்? பாட்டு மூணு கட்டை, அதாவது ஈ. பேஸ் முழுக்க ஓப்பன் ஈ கம்பியை நம்பி இருக்கிறது. மேடையேறும்போது பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அரைக் கட்டை இறக்குப்பா" என்கிறார். ஓப்பன் கம்பிக்குக் கீழே ஃப்ரெட் ஏது? கம்பியை இறக்கி ட்யூன் பண்ணலாம், ஆனால் அடுத்த பாட்டுக்குள் திரும்ப ஏற்றணும். பேர் தெரிந்தவர், "டி ஷார்ப்தானே" என்று ஏ கம்பியின் 6வது ஃப்ரெட்டுக்குப் போய்விடுவார். தெரியாதவர் கீபோர்ட்காரர் முகத்தைப் பார்ப்பார்.

"பால் மெக்கார்ட்னிக்கே நோட்டேஷன் படிக்கத் தெரியாதே!" என்று சிலர் சண்டைக்கு வரலாம். உண்மைதான், அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் நோட்டேஷன் படிப்பது வேறு, நோட்டின் பேர் தெரிவது வேறு. தவிர, அவர் வாசித்தது பெரும்பாலும் சொந்த பேண்டின் பாட்டு. இளையராஜா மாதிரி ஒருத்தர் பேஸுக்கும் தனியாக நோட்டேஷன் எழுதி நீட்டினால், அங்கே ஷேப் கைகொடுக்காது.

நல்ல விஷயம் என்னவென்றால், பேர் கற்க ஷேப்பை விட வேண்டியதில்லை. ஈ கம்பியில் 3, 5, 7வது ஃப்ரெட்: ஜி, ஏ, பி. ஏ கம்பியில் அதே புள்ளிகள்: சி, டி, ஈ. எந்த நோட்டிலிருந்தும் ரெண்டு கம்பி தள்ளி, ரெண்டு ஃப்ரெட் மேலே போனால் அதே பேர், ஒரு ஆக்டேவ் மேலே. ஆக, ரெண்டு கம்பியை மனப்பாடம் பண்ணினால் மிச்ச ரெண்டையும் ஷேப்பே சொல்லிக்கொடுத்துவிடும்.

தினம் அஞ்சு நிமிஷம், வாசிக்கும்போதே பேரை வாய்விட்டுச் சொன்னால் போதும். பக்கத்து ரூம்காரர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.