கடைசிப் படிகளின் இருட்டு

கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிடக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சொல்வது, “கறுப்பு நல்லா வரணும்” என்றுதான். என் கண் போவது அதற்கு முந்தைய படிகளுக்கு. முழுக் கறுப்பை 100 என்று வைத்தால் 85, 90, 95 மூன்றும் தனித்தனியே தெரிகின்றனவா? கோயில் பிராகாரத்தின் இருட்டு, எருமையின் முதுகு, எண்ணெய் தேய்த்த கூந்தல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், எவ்வளவு ஆழமான கறுப்பாக இருந்தாலும் அது வெறும் மைதான்.

ஒவ்வொரு தாளும் இருட்டுக்கு ஒரு தரையைப் போட்டு வைத்திருக்கிறது. பூஜ்யத்தைக் கறுப்பாகவும் 100-ஐ வெள்ளையாகவும் கொண்ட எல் ஸ்டார் அளவுகோலில், நல்ல பாரைட்டா தாள் 3, 4 வரை இறங்கும். பருத்தி மேட் தாள் 16-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். அடர்த்திக் கணக்கில் முன்னது ஏறக்குறைய 2.4, பின்னது 1.7. இந்த வீச்சை என்னால் நீட்ட முடியாது. அதற்குள் சாம்பல் படிகளைச் சீராக நிறுத்துவதே புரொஃபைல் போடும் வேலை. மேட் தாளின் கறுப்பு வெளிறியது என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படிகள் பிரிந்து நின்றால், கண் அந்த 16-ஐயே முழு இருட்டாக ஏற்றுக்கொள்கிறது.

அதிக நேரம் பிடிப்பது மை வரம்பு. மையைக் கூட்டக் கூட்டக் கறுப்பும் கூடும் என்றே தோன்றும். ஓர் அளவு வரைதான் அது உண்மை. அதற்கு மேல் போகும் மையைத் தாளின் பூச்சு தாங்காது. மை தேங்கும், பரப்பு சொரசொரப்பாகும், அளந்தால் கறுப்பு சற்று வெளிறிக்கூட இருக்கும். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளில் ஒவ்வொரு மையையும் தனியாகப் படிப்படியாக அச்சிட்டுப் பார்க்கலாம். கறுப்பு மையின் பட்டையில் அடர்த்தி ஏறுவது எங்கே நிற்கிறதோ அங்கே வரம்பை வைக்கிறேன். அதைத் தாண்டி வைத்தால் கடைசிப் படிகள் எல்லாம் ஒரே குழியில் விழும். பிறகு எந்தத் திருத்த வளைவாலும் அவற்றை மீட்க முடியாது.

எப்சன் 2005-இல் கொண்டுவந்த அல்ட்ராகுரோம் கே3 மைகளில் கறுப்பு மூன்று செறிவுகளில் வந்தது. வெளிச்சப் பகுதியை மிக இளங்கறுப்பு பார்த்துக்கொள்ளும், நடுவை இளங்கறுப்பு, நிழலை முழுக் கறுப்பு. முழுக் கறுப்பை முன்கூட்டியே நுழைத்தால் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அதன்பின் 21 கட்டங்கள் கொண்ட சோதனைப் பட்டை. வண்ணப் புரொஃபைலுக்கு நூற்றுக்கணக்கான கட்டங்களை அளக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் இவ்வளவே போதும். ஆனால் அச்சான கையோடு அளக்கக் கூடாது. சென்னையின் மழைக்கால ஈரத்தில் தாள் உலர நேரமாகும், உலரும்போது நிழல்களும் மாறும். ஓர் இரவு விட்டுத்தான் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை எடுக்கிறேன். பருத்தித் தாளின் பரப்பு மேடுபள்ளமானது என்பதால் ஒரு கட்டத்தைப் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறேன். அந்த எண்களைக் கொடுத்தால் மென்பொருள் வளைவைத் திருத்திக்கொள்ளும். திருத்தியதை மறுபடி அச்சிட்டு அளந்து பார்க்காமல் நான் நம்புவதில்லை.

இனி நிறச்சாயல். கார்பன் கறுப்பு இயல்பிலேயே கொஞ்சம் பழுப்பு கலந்தது. நடுநிலைச் சாம்பல் வேண்டுமென்றால் இளநீலமும் இளமெஜந்தாவும் துளி சேர்க்க வேண்டும். வண்ண மைகளைக் குறைவாகச் சேர்க்கச் சேர்க்க, பகல் வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் படம் ஒரே சாயலில் நிற்கும். பழுப்பை முற்றிலும் விரட்டுவதைவிட மிச்சம் கொஞ்சம் விட்டுவைப்பதே எனக்குப் பிடிக்கும்.

தாளின் வெள்ளையையும் அளக்காமல் விடக் கூடாது. பளிச்சென்ற பல தாள்களில் வெண்மையூட்டி கலந்திருக்கும். அது புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி வீசும். புற ஊதா குறைந்த எல்.இ.டி. விளக்கின் கீழ் அந்தப் பளிச்சு அடங்கி, தாள் மஞ்சளித்துத் தெரியும். அதனால் புற ஊதாவைச் சேர்த்து ஒருமுறையும் நீக்கி ஒருமுறையும் அளக்கிறேன். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், படம் எந்த விளக்கின் கீழ் தொங்கப்போகிறது என்று கேட்காமல் அந்தத் தாளில் அச்சிடுவதில்லை.