குருவி போட்டுதோ?

போன ஒக்டோபரில் ஒரு விடியக்காலை, எங்கட வாடகை வீட்டு விறாந்தையில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, செட்டையில் ஒரு துண்டு நீலம். பூனை கடிச்சுப் போட்டுதாக்கும் எண்டு நினைத்தேன். அம்மம்மா பார்த்த உடனே சொன்னா, "அது களைச்சுக் கிடக்கு. பெட்டியால மூடி வை. பின்னேரம் திறந்து விடு, போயிடும்." அப்படியே போனது.

படத்தை விஞ்ஞான பீடத்துச் சினேகிதிக்கு அனுப்பினேன். ஆறுமணிக்குருவியாம். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருமாம். இரவில்தான் பறக்கும். வந்து சேருகிற நாட்களில் இப்படி வீடுகளுக்குள் விழுந்து கிடப்பதும் வழக்கமாம்.

இருட்டுக்குள், கடலுக்கு மேலால், எப்படி? அந்தக் கிழமை நான் அசைன்மென்ட் ஒன்றும் எழுதவில்லை, இதைத்தான் வாசித்தேன்.

சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் எல்லாமே பறவைக்குத் திசை காட்டும். அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லென் என்பவர் கையால் வளர்த்த குருவிக் குஞ்சுகளைக் கோள்மண்டலத்துக்குள் வைத்து, வானத்தைத் துருவ நட்சத்திரத்துக்குப் பதிலாகத் திருவாதிரையைச் சுற்றிச் சுழலவிட்டார். பாவம், அவை திருவாதிரையையே வடக்காக எடுத்துக்கொண்டன.

ஆனால் என்னை நித்திரை கொள்ள விடாதது 1958 இல் வெளியான பேர்டெக்கின் ஆய்வு. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிடித்த 11,000க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங்குகளை (எங்கட மைனாவின் சொந்தக்காரர்) காலில் வளையம் போட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள். அவை போக வெளிக்கிட்டது வட பிரான்சுக்கும் தென் இங்கிலாந்துக்கும். முந்தி ஒருக்கா என்றாலும் போய்வந்த பெரிய பறவைகள், தாங்கள் வேறெங்கோ நிற்பதை எப்படியோ அறிந்து, வடமேற்கே திரும்பி வழமையான இடத்தை நோக்கிப் போயின. முதற்தரம் வெளிக்கிட்ட இளசுகளிடம் இருந்தது பிறப்போடு வந்த திசை மட்டும். அதே திசையில் பறந்து தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய் இறங்கின. பிறகு வந்த குளிர்காலங்களிலும் ஸ்பெயினுக்கே போயின.

எங்கட ஆக்கள் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டது 1990 ஆனியில். நான் பிறந்தது அதற்கு 14 வருசத்துக்குப் பிறகு, வேறு ஊரில். ஆனாலும் கம்பஸில் ஆரும் "எந்த ஊர்?" எண்டு கேட்டால், வாய் தானாக மயிலிட்டி எண்டுதான் சொல்லும்.

2017 இல் துறைமுகப் பக்கம் கொஞ்சக் காணி விடுபட்டபோது எல்லாரும் பார்க்கப் போனோம். ஒழுங்கையும் இல்லை, மதிலும் இல்லை, முழுக்கப் பற்றை. வெளிக்கிடேக்க அம்மாவுக்கு ஆறு வயசு. அவ ஒரு பக்கத்தைக் காட்டி "இதுதான்" எண்டா. அம்மம்மா அதைக் கவனிக்கவேயில்லை. கடல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிண்டா. பிறகு மற்றப் பக்கமாகப் பற்றைக்குள்ள நடக்கத் தொடங்கினா. ஒரு செருப்புக் கழண்டதும் அவவுக்குத் தெரியேல்லை. "இதில கிணறு." மாமா கத்தியால் வெட்டிப் பார்க்க, கிணற்றுக்கட்டு இருந்தது.

இப்ப அம்மம்மாவுக்கு மறதி. சில நாளில் என்னை அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா.

குருவி வந்து இரண்டு கிழமையில், காணி அளக்க சேவையர் வந்தார். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் போனேன். கிணறு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

"எல்லைக்கல் எந்தப் பக்கம், தங்கச்சி?"

வீட்டுக்குப் போன் எடுத்து, அம்மம்மாவிடம் குடுக்கச் சொன்னேன்.

"அம்மம்மா, கிணத்தில இருந்து எல்லை எவ்வளவு தூரம்?"

கன நேரம் சத்தமில்லை. சேவையர் ரேப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

"பிள்ளை, அந்தக் குருவி போட்டுதோ?"

"ஓம் அம்மம்மா, அது அண்டைக்கே போட்டுது."