பெரிய கோயில் முற்றத்தில் ஓர் அட்டை ஜன்னல்! - முதல் லார்ஜ் ஃபார்மட் கேமரா வாங்கும் முன்...

மாலை நான்கு மணி. தஞ்சாவூர் பெரிய கோயில் முற்றத்தில் கல் இன்னும் சுடுகிறது. விரித்திருக்கும் பாயை விட்டுக் கால் தவறினால், துள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். நந்தி மண்டபத்தைச் சுற்றி செல்ஃபிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் கையில் கேமராவே இல்லாமல் கோயிலை 'படம்' எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கும்பகோணத்தில் 30 ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவர். மற்றவர் அவருடைய அக்கா மகள். திருச்சியில் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார்.

மாமாவின் கையில் ஓர் அட்டை. அதன் நடுவில் ஜன்னல் போல ஒரு செவ்வக ஓட்டை. அட்டையில் கட்டிய நூலில் இரண்டு முடிச்சுகள். அவ்வளவுதான் உபகரணம்!

பின்னால் சாயும் விமானம்

பெரிய கோயிலை மொபைலில் எடுத்துப் பார்த்த எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். சுமார் 66 மீட்டர் உயர விமானம் ஃபிரேமுக்குள் அடங்காது. மொபைலை மேல் நோக்கிச் சாய்ப்போம். உடனே விமானம் மேலே குறுகி, பின்பக்கம் சாய்ந்து விழுவது போல ஆகிவிடும். 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில் ஆயிரம் ஆண்டுகளாக நேராகத்தான் நிற்கிறது. சாய்ந்தது நம் கேமரா!

கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் லார்ஜ் ஃபார்மட் கேமராவைத் தேடிப் போவது இதற்காகத்தான். முன்னால் லென்ஸ், பின்னால் ஃபிலிம், நடுவில் ஆர்மோனியத் துருத்தி போல மடியும் பெல்லோஸ். கேமராவைச் சாய்க்காமல், ஃபிலிமைக் கட்டடத்துக்கு நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே ஏற்றலாம். இதற்கு 'ரைஸ்' என்று பெயர். தரையில் வீணாகும் புல்வெளி படத்திலிருந்து வெளியேறும். கலசம் உள்ளே வரும். தூண்கள் நேராகவே நிற்கும்.

பெரிய பெட்டியோடு இந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் முன்பும் உண்டு. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் இங்கே படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒன்றாக இணைத்தார். காகித நெகட்டிவ் காலத்து வேலை அது!

இரவுக்குள் பதில்

அக்கா மகளிடம் இருப்பது ஒன்றரை வருடச் சேமிப்பு. ஸ்கூட்டருக்கு முன்பணமாகக் கட்டச் சொல்கிறார் அம்மா. சென்னையில் ஒருவர், பழைய கேமரா செட் ஒன்றை மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 4x5 அங்குல மோனோரயில் கேமரா, 150 மி.மீ. லென்ஸ் ஒன்று, 90 மி.மீ. 'ஆங்குலான்' லென்ஸ் ஒன்று. கேட்க இன்னொருவரும் இருப்பதால் இரவுக்குள் பதில் வேண்டுமாம்.

"ரெண்டு லென்ஸ் சேர்ந்து வருது மாமா. விட்டா கிடைக்காது."

"லென்ஸ் ரெண்டு இருக்கட்டும். நீ எங்க நின்னு எடுக்கப் போறே, அதைச் சொல்லு மொதல்ல."

அதைப் பார்க்கத்தான் இருவரும் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

4x5 ஃபிலிமில் படம் விழும் இடம் ஏறக்குறைய 9.5 செ.மீ.க்கு 12 செ.மீ. அதே அளவில் அட்டையில் ஓட்டை. நூலில் 9 செ.மீ.யில் ஒரு முடிச்சு, 15 செ.மீ.யில் ஒரு முடிச்சு. முதல் முடிச்சைக் கண்ணோரம் பிடித்து, அட்டையை நிமிர்த்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தால் 90 மி.மீ. லென்ஸ் பார்ப்பது தெரியும். இரண்டாவது முடிச்சில் 150. அட்டையைச் சாய்க்காமல் 3 செ.மீ. மேலே தூக்கினால், அதுதான் 30 மி.மீ. ரைஸ்.

முதலில் ராஜராஜன் வாயிலை ஒட்டி நிற்கிறார்கள். இங்கிருந்து விமானம் தூரம். நந்தி மண்டபம் மறைக்காமல் சற்றே விலகி நின்றால், 150-லேயே கலசம் வரை அடங்கிவிடுகிறது. அக்கா மகளின் முகத்தில் மலர்ச்சி.

"இங்க எல்லாரும் எடுப்பாங்க. நீ எங்க எடுக்கணும்னு சொன்னே?"

தென்மேற்கு மூலை. விநாயகர் சன்னதிப் பக்கம். சாயங்கால வெயில் விமானத்தின் மேற்கு முகத்தில் விழுந்து, கல் தேன் நிறமாகும் இடம். கல்லூரி நாளிலிருந்து அவர் எடுக்க நினைக்கும் படம் அதுதான்.

முற்றம் சொன்ன கணக்கு

கோயில் வளாகம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். இரண்டு சதுரங்களை அடுத்தடுத்து வைத்தது போன்ற அமைப்பு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம். சுற்றிலும் திருச்சுற்று மாளிகை. எனவே மூலையில் முதுகு சுவரைத் தொட நின்றாலும், விமானத்தின் நடுப்புள்ளிக்குச் சுமார் 70 மீட்டர்தான் கிடைக்கும்.

இனி எளிய கணக்கு. ரைஸ் இல்லாமல் 90 மி.மீ. லென்ஸில் கலசம் வர வேண்டுமென்றால் சுமார் 97 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 30 மி.மீ. ரைஸ் கொடுத்தால் 65 மீட்டர் போதும். 150 மி.மீ. லென்ஸுக்கோ அதே ரைஸ் கொடுத்தும் 107 மீட்டர் தேவை. சுவரை இடித்தால்தான் உண்டு!

அட்டையும் அதையே சொல்கிறது. 15 செ.மீ. முடிச்சில் விமானம் பாதியில் வெட்டுப்படுகிறது. 9 செ.மீ. முடிச்சில், அட்டையைத் தூக்கியதும் கலசம் உள்ளே வந்து உட்காருகிறது.

"அப்ப அந்த 90 போதுமே மாமா?"

இங்கேதான் கவனம் தேவை. லென்ஸ் கேமராவுக்குள் வீசும் வெளிச்சம் வட்டமாக விழும். தட்டின் மேல் செவ்வகத் தாளை வைப்பது போல, அந்த வட்டத்துக்குள் ஃபிலிம் அடங்க வேண்டும். தட்டு பெரிதாக இருந்தால்தான் தாளை நகர்த்த இடம் இருக்கும். 4x5 ஃபிலிமின் மூலைக்கு மூலை அளவு ஏறக்குறைய 154 மி.மீ. பழைய 90 மி.மீ. ஆங்குலானின் வட்டமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். லென்ஸை ஏற்றினால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். 'சூப்பர் ஆங்குலான்' எஃப்/8-ன் வட்டமோ 216 மி.மீ. 30 மி.மீ. ரைஸுக்கு வேண்டியது 204. பெயரில் ஒரு 'சூப்பர்'தான் வித்தியாசம். படத்தில் ஒரு கலசம் வித்தியாசம்!

மாமா புல்தரை ஓரம் உட்கார்ந்துகொள்கிறார்.

"ஸ்டூடியோ ஆரம்பிச்சப்ப நானும் இப்படித்தான். பெட்டி பெரிசா இருந்தா பெரிய போட்டோகிராபர்னு நெனச்சு, கடன் வாங்கி ஒரு செட் வாங்கினேன். நம்ம ஊர் மண்டபமெல்லாம் சின்னது. பின்சுவர்ல முதுகு இடிச்சும் குரூப் போட்டோல ரெண்டு பக்கமும் ஆள் வெட்டுப்படும். உங்க அம்மா கல்யாண போட்டோல உன் பெரியப்பா பாதியா நிக்கிறாரே, அது அந்த லென்ஸ்தான். மூணு வருஷம் அதுக்குக் கடன் கட்டினேன்."

வீட்டு ஆல்பத்தில் அந்தப் பாதி பெரியப்பாவைப் பார்த்துப் பல முறை சிரித்திருக்கிறார் அக்கா மகள். இப்போது சிரிக்கவில்லை.

பெட்டியிலும் கவனம்

லென்ஸ் முடிவானால் கேமராவைத் தேர்வு செய்வது சுலபம். ஒற்றைத் தண்டில் நகரும் மோனோரயில் கேமராக்களில் லென்ஸையும் ஃபிலிமையும் தாராளமாக ஏற்றி இறக்கலாம். செகண்ட் ஹேண்டில் விலையும் குறைவு. ஆனால் எடை அதிகம். பஸ்ஸில் தூக்கி வர உடம்பில் தெம்பு வேண்டும். மடக்கி வைக்கும் ஃபீல்டு கேமராக்களில் சில மரக் கேமராக்கள் ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இதுவே தோது.

எதை வாங்கினாலும் 90 மி.மீ. லென்ஸை மாட்டி, மேலே ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் துருத்தி நெருங்கி விறைத்துக்கொண்டால் லென்ஸ் நகராது. அதற்கென்று தொளதொளவென்ற 'பேக் பெல்லோஸ்' சில கேமராக்களுக்குக் கிடைக்கும்.

பழைய கேமரா என்றால் இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் ஃபிலிம் பாழ். ஒரு விநாடி ஷட்டரை இயக்கிக் காதால் கேட்டால், அது இழுக்கிறதா என்பது புரிந்துவிடும். லென்ஸ் பலகையின் அளவு கேமராவுக்குப் பொருந்த வேண்டும். ஃபிலிம், ஃபிலிம் ஹோல்டர், முக்காலி, கறுப்புத் துணி ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கோயில் போன்ற இடங்களில் முக்காலி வைக்க, தொல்லியல் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்குவதும் அவசியம்.

இன்னொன்று. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். இடம் வலமாக மாறியிருக்கும். எஃப்/8 லென்ஸில் அது மங்கலாகவும் இருக்கும். கண் பழகச் சில நாட்கள் ஆகும்.

ஆறு மணிக்கு...

வெயில் சரிகிறது. விமானத்தின் மேற்கு முகம் சொன்னபடியே தேன் நிறத்துக்கு வருகிறது. அக்கா மகள் மூலைச் சுவரில் முதுகைச் சாய்த்து, அட்டையைக் கண்ணுக்கு நேரே நிறுத்தி, மூன்று விரற்கடை தூக்குகிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்.

பிறகு மொபைலை எடுத்து, சென்னைக்காரருக்கு 'மன்னிக்கவும், வேண்டாம்' என்று அனுப்புகிறார். முதலில் நல்ல 90 எஃப்/8 ஒன்றைத் தேடுவது. பாதிக்கு மேல் பணம் அதற்கு. மீதியில் இலகுவான மரக் கேமரா ஒன்று. 150 பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரும்தான்!

"கேமரா வந்ததும் சொல்லுங்க மாமான்னு சொல்ல மாட்டியா?" என்கிறார் மாமா.

"நீங்கதானே கறுப்புத் துணி பிடிக்கப் போறீங்க!"

ராஜராஜன் வாயிலைத் தாண்டும்போது அட்டையை மடிக்கப் பார்க்கிறார் மாமா. "மடிக்காதீங்க" என்று வாங்கி, நோட்டுக்கு நடுவே பத்திரமாக வைத்துக்கொள்கிறார் அக்கா மகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தாராசுரம்.